நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை

"டார்ச்சைக் கொஞ்சம் இடது பக்கம் பிடிங்க சார்."

லிஃப்டின் கூரைமேல் படுத்திருந்த லிஃப்ட்காரர் இதை மூன்றாவது தடவையாகச் சொன்னபோது, லிஃப்டுக்குள் நின்ற டைம்டேபிள்காரர் நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தார். கை மட்டும் தூங்கவில்லை. அது டார்ச்சை மேலே தூக்கிப் பிடித்தபடி ஒழுங்காக வேலை பார்த்தது. ஒரு வருடப் பழக்கம். சனிக்கிழமை தோறும் சாயங்காலம் நாலிலிருந்து ஆறு வரை லிஃப்டைச் சோதிப்பார்கள். அப்போது குடியிருப்போர் சங்கச் செயலாளரான அவர் கூடவே நிற்கவேண்டும் என்று கம்பெனியில் ஒரு விதி இருப்பதாக லிஃப்ட்காரர் சொல்லியிருந்தார். அந்த விதியைத் தாளில் யாரும் பார்த்ததில்லை.

சட்டைப் பையில் போன் அடித்தது. அச்சகம் வைத்திருக்கும் மச்சான். திங்கட்கிழமை ப்ரூஃப் கொஞ்சம் அதிகமாம், அரைமணி முன்னாடியே வரவேண்டுமாம்.

"சரி" என்றார்.

அதை வைப்பதற்குள் கீழ்வீட்டுத் தையல்கார அக்கா. செவ்வாய்க்கிழமை பட்டன் பிரிப்பது மறந்துவிடக் கூடாதாம்.

"சரிக்கா."

லிஃப்ட்காரர் மேலே இருந்த ஓட்டை வழியாகத் தலையை நீட்டினார். "முடியாதுன்னு ஒரு வார்த்தை இருக்கு சார். கேள்விப்பட்டிருக்கீங்களா?"

"எங்க வீட்ல அந்த வார்த்தையை சொல்ற ஆளு போய்ட்டா. எனக்கு சொல்லிப் பழக்கமில்ல."

லிஃப்ட்காரர் திருகாணியை முடுக்கினார். அவருடைய வலது கையில் இரண்டு விரல்கள் மடங்காது. ஆஸ்பத்திரி லிஃப்டில் கை மாட்டிக்கொண்டபோது கட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டது டைம்டேபிள்காரரின் மனைவிதான். அவள் அங்கே ஹெட் நர்ஸ். ஊருக்கெல்லாம் சிஸ்டர்.

"அடுத்த சனிக்கிழமை நான் வரல சார்" என்றார் லிஃப்ட்காரர் இறங்கும்போது.

"ஏன், எங்கயாவது போறீங்களா?"

"இல்ல. அன்னிக்கு எனக்கு ட்யூட்டி இல்ல."

டைம்டேபிள்காரர் மூன்று மாடி ஏறி வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவர்க் காலண்டரைப் பார்த்தார். அடுத்த சனிக்கிழமை. நாலிலிருந்து ஆறு வரை. காலி. ஒரு வருடத்தில் அவர் பார்த்த முதல் காலி இடம்.

தேதியைப் பார்த்தார். அதற்குப் பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவள் போய் அன்றோடு சரியாக ஒரு வருடம்.

*

அவர் பஸ் டிப்போவில் டைம்டேபிள் பிரிவு. எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பி எங்கே எத்தனை நிமிடம் நிற்கவேண்டும் என்று கட்டம் கட்டமாக எழுதுவது அவர் வேலை. அவள் வேலையும் கட்டம்தான். மாதக் கடைசியில் இரண்டு பேரும் ஒரே சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்காருவார்கள். அவர் பஸ்ஸுக்கு நேரம் போடுவார். அவள் வார்டுக்கு ட்யூட்டி சார்ட் போடுவாள். அவர் பென்சிலால் எழுதி அழித்து எழுதுவார். அவள் நேராகப் பேனா. அவள் போட்ட சார்ட்டை யாரும் மாற்ற முடியாது. பெரிய டாக்டரே வந்து கேட்டாலும் முடியாதுதான். யாருக்கும் வேண்டாத கட்டம் என்று ஒன்று எப்போதும் மிஞ்சும். அதில் தன் பெயரைப் போட்டுக்கொள்வாள்.

"ஏன் எப்பவும் நீயே மாட்டிக்கிற?" என்று அவர் கேட்டால், "கஷ்டமான கட்டத்துக்குத்தான் ஹெட் நர்ஸ். சுலபமான கட்டத்துக்கு யாரு வேணா வருவாங்க" என்பாள்.

அவள் அதே ஆஸ்பத்திரியில் நோயாளியாக நாற்பது நாள் படுத்திருந்தாள். பார்வையாளர் நேரம் சாயங்காலம் நாலிலிருந்து ஆறு. அவர் ஒரு நாள்கூடத் தவறவில்லை. நாலு மணிக்குக் கதவு திறக்கும்போது முதல் ஆளாக நுழைவார், ஆறு மணிக்குக் கடைசி ஆளாக வெளியே வருவார். கடைசி வாரத்தில் அவளால் அதிகம் பேச முடியவில்லை. அப்போதும் மடியில் ஒரு அட்டையை வைத்துக்கொண்டு ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். வார்டு சார்ட் என்று நினைத்து, "இப்பவுமா?" என்று கேட்டார். "முடிச்சுடறேன்" என்றாள்.

போன அன்று வார்டிலிருந்து அவளுடைய சாமான்களை ஒரு பழுப்பு நிற ஜிப் பையில் போட்டுக் கொடுத்தார்கள். அதை அலமாரிக்கு மேலே வைத்தார். இன்னும் அங்கேதான் இருக்கிறது. திறக்கக் கூடாது என்றில்லை. நேரமில்லை. வழியனுப்பிய அன்றுகூட, வந்தவர்களுக்கு எந்த பஸ் எத்தனை மணிக்கு என்று வாசலில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார். அழுவதற்குள் கடைசி வண்டி போய்விட்டது. மறுநாளே மச்சான் ப்ரூஃப் கட்டோடு வந்தான். அதற்குப் பிறகு ஒரு நாளும் ஓயவில்லை.

திங்கள், வியாழன் அச்சகத்தில் ப்ரூஃப். அங்கே அச்சுக் கோர்ப்பவன் வாராவாரம் அதே மூன்று தப்பைச் செய்கிறான். இவரும் வாராவாரம் சிவப்பு மையால் திருத்துகிறார். செவ்வாய்க்கிழமை தையல்கார அக்காவின் பட்டன் டப்பா. நிறம் நிறமாக, அளவு அளவாகப் பிரித்து வைப்பார். அடுத்த செவ்வாய்க்குள் எல்லாம் கலந்துவிடும். "கடையில வேகமா எடுக்கிறோம்ல தம்பி, அப்படித்தான்" என்பாள் அக்கா. புதன்கிழமை நாலாம் மாடியில் சங்கத் தலைவர். ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர். தன் வாழ்க்கை வரலாற்றைச் சொல்லச் சொல்ல இவர் எழுதவேண்டும். பதினோரு மாதமாக எழுதுகிறார். தலைவர் இன்னும் பிறக்கவில்லை. தாத்தாவே இப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருக்கிறார். வெள்ளிக்கிழமை சங்கக் கூட்டம், தண்ணீர் மோட்டார் பற்றி. மோட்டார் நன்றாகத்தான் ஓடுகிறது. ஞாயிறு காலை டிப்போ மேனேஜரோடு நடை. டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறாராம், தனியாக நடந்தால் மேனேஜருக்கு மயக்கம் வருமாம்.

பகலெல்லாம் டிப்போ. இதற்கு நடுவே நின்றபடி சாப்பாடு, உட்கார்ந்தபடி தூக்கம். போன வாரம் குளியலறையில் சோப்பைக் கையில் வைத்துக்கொண்டு, இது எதற்கு என்று யோசித்துக்கொண்டு நின்றார். அதைவிட மோசம், அவள் குரல் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தார். சட்டென்று வரவில்லை.

ஆகவே இந்தச் சனிக்கிழமை. கதவைச் சாத்திக்கொண்டு, போனை அணைத்துவிட்டு, பையை இறக்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காரவேண்டும். இரண்டு மணி நேரம். வேறு எதுவும் வேண்டாம் அவருக்கு. காலண்டரில் அந்தக் கட்டத்தில் ஒரு சின்னப் புள்ளி வைத்தார், பென்சிலால்.

*

வாயை மூடிக்கொண்டிருந்தால் பிரச்சினையே இல்லை. திங்கட்கிழமை அச்சகத்தில் அவராகவே வாயைக் கொடுத்தார்.

"மச்சான், சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் என்னை எதுக்கும் கூப்பிடாதே."

"கூப்பிடல அத்தான். எங்கயாவது போறீங்களா?"

"எங்கயும் போகல. வீட்லதான். சும்மா."

மச்சான் கையிலிருந்த தாளைக் கீழே வைத்தான். "சும்மாவா? யாரு வர்றா?"

"யாரும் வரல. தனியா இருக்கணும்."

மச்சானுக்கு முகம் வெளுத்துவிட்டது. மிஷின் ஓட்டுகிறவன்கூட மிஷினை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான். மச்சான் தண்ணீர் குடித்தான். பிறகு, சனிக்கிழமை சாயங்காலம் ஒரு பழைய மிஷின் விலைக்கு வருகிறது என்றும், அத்தான் கண்ணால் பார்த்துச் சொன்னால்தான் தனக்குத் திருப்தி என்றும், நாலு மணிக்கு வண்டியோடு வந்து நிற்பேன் என்றும் மூச்சு விடாமல் சொன்னான்.

மிஷினைப் பற்றி டைம்டேபிள்காரருக்கு ஒன்றும் தெரியாது. "முடியாது" என்று சொல்ல வாயைத் திறந்தார். வேறு என்னவோ வந்தது.

"அன்னிக்கு பல்லு பிடுங்கணும். டாக்டர் நேரம் குடுத்திருக்காரு."

"தனியா இருக்கணும்னு சொன்னீங்களே?"

"பல்லு பிடுங்கும்போது கூட்டமா போக முடியுமா?"

"நான் கூட வரேன்" என்றான் மச்சான்.

செவ்வாய்க்கிழமை தையல்கார அக்காவின் கடைக்குள் நுழையும்போதே சூப் தயாராக இருந்தது. மெல்லக் கூடாதாம். எந்தப் பல் என்று அக்கா கேட்டாள். வலது கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். அரைமணி கழித்து, பட்டன் பிரித்துக்கொண்டே, வலி எப்படி இருக்கிறது என்று மறுபடி கேட்டாள். கையிலிருந்த பட்டனைப் பார்த்தபடி இடது கன்னத்தைத் தொட்டார்.

அக்கா தையல் மிஷினை நிறுத்தினாள்.

"தம்பி, என்கிட்ட காது குத்தாதீங்க. சிஸ்டருக்கு பதினெட்டு வருஷம் யூனிஃபார்ம் தைச்சவ நான். சனிக்கிழமை என்ன பண்ணப் போறீங்க?"

"ஒண்ணும் இல்லக்கா."

"அந்த ஒண்ணும் இல்லங்கிறதுதான் பயமா இருக்கு" என்றாள். சொன்னவள் உடனே பேச்சை மாற்றினாள். சனிக்கிழமை சாயங்காலம் புதிதாக நாலு டப்பா பட்டன் வருகிறதாம், அன்றைக்கே பிரித்தாகவேண்டுமாம், அவளே டப்பாவை மேலே தூக்கிக்கொண்டு வருகிறாளாம்.

பல் போய்விட்டது, பட்டன் வந்துவிட்டது. டைம்டேபிள்காரர் அவசரத்தில் கைக்குக் கிடைத்த அடுத்த பொய்யை எடுத்தார்.

"சொல்லலாமா வேண்டாமான்னு பாத்தேன்க்கா. பல்லு இல்ல. அன்னிக்கு டிப்போவுல ஸ்பெஷல் ட்யூட்டி. புது ரூட் ஒண்ணு வருது."

"தனியா இருக்கணும்னீங்களாமே?"

"டைம்டேபிள் போடறப்போ தனியாத்தான் இருக்கணும்."

இது நல்ல பொய். பலமான பொய். புதன்கிழமை வரை நின்றது.

புதன்கிழமை தலைவர் வீட்டில், தலைவரின் தாத்தா இரண்டாம் வகுப்பில் பெயிலானதை எழுதிக்கொண்டிருந்தபோது, தலைவர் திடீரென்று நிறுத்தி, புது ரூட் எங்கிருந்து எங்கே என்று கேட்டார். இவர் வாய்க்கு வந்த இரண்டு தெருவைச் சொன்னார். இரண்டும் பக்கத்துப் பக்கத்துத் தெரு.

"நடந்தா மூணு நிமிஷம் ஆகுமே. அதுக்கு பஸ்ஸா?"

"வயசானவங்களுக்கு சார்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். முப்பத்தைந்து வருடம் பிள்ளைகள் சொன்ன காரணங்களைக் கேட்டவர். உள்ளே போய் யாருக்கோ போன் பண்ணினார். கதவு சாத்தியிருந்தது. திரும்பி வந்து, "எழுதுங்க. மறு வருஷமும் பெயிலானார்" என்றார்.

வியாழக்கிழமை காலை டிப்போவில் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார்.

"என்னய்யா, சனிக்கிழமை ஸ்பெஷல் ட்யூட்டின்னு நீயே சொல்லியிருக்கியாமே."

"அது வந்து சார்..."

"நல்ல யோசனை. நாலு மணிக்கு வந்துடு. நானும் வரேன். அந்த ரெண்டு தெரு ரூட்டையும் பாத்துடுவோம்."

அவர் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தார். எதிரே பாதி எழுதிய கால அட்டவணை. கடைசி நிறுத்தத்தில் ஒவ்வொரு வண்டிக்கும் பத்து நிமிடம் ஓய்வு. அது டிப்போவில் எழுதாத சட்டம். ஓய்வில்லாமல் திருப்பித் திருப்பி ஓட்டினால் எந்த வண்டியும் நடுரோட்டில் நின்றுவிடும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இருபத்திரண்டு வருடமாக இதைத்தான் சொல்லிக் கொடுத்துவருகிறார். அட்டவணையில் ஆளே ஏறாத வண்டிகளும் உண்டு. காலியாகப் போய்க் காலியாக வரும். ஏன் ஓடுகிறது என்று யாருக்கும் தெரியாது. யாரோ எப்போதோ ஒரு கட்டத்தில் எழுதிவிட்டார்கள், அதனால் ஓடும். தன்னையும் யாரோ அப்படித்தான் ஓட்டுகிறார்கள் என்று தோன்றியது. பென்சிலை எடுத்தார். அழுத்தி எழுதியதில் முனை உடைந்தது.

மறுபடி மேனேஜர் அறைக்குப் போனார்.

"சார், மறந்தே போய்ட்டேன். சனிக்கிழமை நாலு மணிக்கு எங்க சங்கத்துல கூட்டம். செயலாளர் இல்லாம நடக்காது."

"உங்க கூட்டம் வெள்ளிக்கிழமைதானே?"

"இது வேற. அவசரக் கூட்டம்."

"அப்படியா?" என்றார் மேனேஜர். போனை எடுத்து, இவர் கண் முன்னாலேயே தலைவரின் எண்ணை அடித்தார். அந்த எண் மேனேஜருக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்கும் நிலையில் இவர் இல்லை.

தலைவர் பெரிய மனுஷர். தன் செயலாளரைக் காட்டிக் கொடுக்கவில்லை. ஆமாம், அவசரக் கூட்டம் இருக்கிறது என்று போனிலேயே சொல்லிவிட்டார். சொல்லிவிட்டதால் நடத்தியே தீரவேண்டியதாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் அது முடிவானது. சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணி. கீழே உள்ள ஹாலில் அன்றைக்கு வெள்ளையடிக்கிறார்கள். எனவே செயலாளர் வீட்டில். வெள்ளையடிப்பதை யார் எப்போது முடிவு செய்தார்கள் என்று கேட்டார் செயலாளர். இப்போதுதான் என்றார் தலைவர்.

அறிவிப்பை எழுதவேண்டியது செயலாளர். எழுதினார். அவருடைய இரண்டு மணி நேரத்தை அவர் கையாலேயே கொட்டை எழுத்தில் எழுதி, லிஃப்ட் கதவில் அவரே ஒட்டினார்.

*

சனிக்கிழமை மூன்றே முக்காலுக்கு மச்சான் வந்துவிட்டான், ப்ரூஃப் கட்டோடு. மிஷினை வேறு யாரோ வாங்கிவிட்டார்களாம். மூன்று ஐம்பதுக்குத் தையல்கார அக்கா நாலு டப்பாவோடு. நாலு மணிக்கு மேனேஜர் தொப்பி போட்டுக்கொண்டு. சங்கத்தில் அவர் உறுப்பினரே இல்லை, பார்வையாளராம். தலைவர் மட்டும் வரவில்லை. ஒரு மாடி இறங்கத் தெரியாதா என்று பார்த்தால், நாலாம் மாடியிலிருந்து எட்டு நாற்காலிகளையும் தன் வாழ்க்கை வரலாற்று நோட்டுகளையும் லிஃப்டில் ஏற்றிக்கொண்டு இறங்கியிருக்கிறார். பாரம் தாங்காமல் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுவிட்டது. நாற்காலிக் கால்களுக்கு நடுவிலிருந்து தலைவரின் குரல் மட்டும் கேட்டது.

"செயலாளர், கூட்டத்தை ஆரம்பிச்சுடுங்க. நான் இங்கருந்தே தலைமை வகிக்கிறேன்."

வேறு வழியில்லாமல் லிஃப்ட்காரருக்குப் போன் பண்ணினார். "இன்னிக்கு நான் வரக்கூடாதே சார்" என்று தயங்கினார் அவர். விஷயத்தைச் சொன்னதும் வந்துவிட்டார். செயலாளர் பழக்கப்படி டார்ச்சைப் பிடித்தார். தலைவரையும் எட்டு நாற்காலிகளையும் வெளியே எடுப்பதற்குள் மணி ஐந்து ஆகிவிட்டது.

அவர் வீட்டுச் சின்ன ஹாலில் நாற்காலி போட்டு எல்லோரும் உட்கார்ந்தார்கள். பட்டன் டப்பா ஒன்று கவிழ்ந்து, காலடியெல்லாம் பட்டன். முதல் தீர்மானத்தைத் தலைவர் வாசித்தார். செயலாளருக்கு வேலைப்பளு அதிகமாகிவிட்டதாகத் தெரிகிறது. அதை ஆராய வாரம் ஒரு நாள் தனிக் கூட்டம் நடத்தவேண்டும். அதன் அமைப்பாளராகச் செயலாளரே இருக்கவேண்டும்.

"எழுதிக்கிட்டீங்களா?" என்றார் தலைவர்.

செயலாளர் எழுதவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து பத்து. பார்வையாளர் நேரத்தில் இன்னும் ஐம்பது நிமிடம் பாக்கி. மெதுவாக எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனார். அலமாரி முன்னால் போட்டு மேலே ஏறினார்.

அடுத்த நொடி ஹாலில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. மச்சான் ஒரு காலைப் பிடித்துக்கொண்டான். மேனேஜர் இன்னொரு காலை. தையல்கார அக்கா அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு, "தம்பி வேண்டாம், தம்பி வேண்டாம்" என்று அழவே ஆரம்பித்துவிட்டாள். பட்டன்மேல் கால் வழுக்கி வாசற்படியில் உட்கார்ந்துவிட்ட தலைவர், அங்கிருந்தே, "எதுவா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம்" என்றார்.

"பையை எடுக்கிறேன்யா" என்றார் டைம்டேபிள்காரர். "அவளோட பையை எடுக்கிறேன். எதுக்கு அழுவறீங்க?"

யாரும் காலை விடவில்லை. அவர் அலமாரியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தார். மூன்று தலைகள். ஒரு வருடமாகச் "சரி" என்று சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன வாய் கோணியது.

"முடியாது" என்றார்.

சின்னக் குரலில்தான் சொன்னார். அவருக்கே கேட்டதா என்று சந்தேகம். அதனால் மறுபடி சொன்னார்.

"முடியாது. பட்டன் பிரிக்க முடியாது. ப்ரூஃப் பாக்க முடியாது. சார், உங்க தாத்தா பாஸானாலும் சரி பெயிலானாலும் சரி, என்னால எழுத முடியாது. ஒரு வருஷத்துல ஒரே ஒரு தடவை ரெண்டு மணி நேரம் கேட்டேன். அவ போனதுக்கு நான் இன்னும் உக்காந்து அழக்கூட இல்ல. அவ குரலே மறந்துபோச்சு எனக்கு. என்னை விடுங்க. எல்லாரும் கிளம்புங்க."

பிடிகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. அவர் பையை இறக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நாற்காலியிலேயே உட்கார்ந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அவர் துடைக்கவில்லை. தையல்கார அக்கா மச்சானைப் பார்த்தாள். மச்சான் மேனேஜரைப் பார்த்தான். மேனேஜர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஒருத்தரும் கிளம்பவில்லை.

வாசலில் கிரீஸ் கையோடு நின்றிருந்த லிஃப்ட்காரர், டூல்ஸ் பெட்டியின் அடியிலிருந்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு நாலாக மடித்திருந்த ஒரு தாளை எடுத்தார். அதில் பேனாவால் கோடு போட்ட கட்டங்கள். அழித்து எழுதிய அடையாளம் ஒன்றுகூட இல்லை. மடங்காத விரலால் அதன் கடைசி வரியைத் தொட்டு எல்லோருக்கும் காட்டினார்.

"அவரு தனியா இருக்கணும்னு சொன்னதும் எல்லாரும் பயந்துட்டீங்க. சிஸ்டர் குடுத்த சார்ட்ட ஒருத்தரும் திருப்பிப் பாக்கல. வருஷம் பூரா சாரை ஒரு நிமிஷம் சும்மா விடாம பாத்துக்கறது நம்ம ட்யூட்டி, கடைசி நாள் நாலுலருந்து ஆறு வரைக்கும் மட்டும் அவங்க தன் பேரைப் போட்டிருக்காங்க."